தராசுக்கு முத்திரை, ராடாருக்கு?

சந்தையில் வெங்காயம் நிறுக்கும் தராசில் அரச முத்திரை இருத்தல் வேண்டும் என்பது சட்டம். முத்திரையற்ற தராசால் நிறுத்து விற்பவன் குற்றவாளி. அதற்காகவே 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம் உள்ளது. ஒரு கிலோ வெங்காயத்துக்கு இத்துணைக் காவல் வேண்டுமாயின், ஒரு மனிதனைக் குற்றவாளியாக்கும் கருவிக்கு எத்துணைக் காவல் வேண்டும்?

வீதியோரத்திற் பொலிஸார் ஏந்தி நிற்கும் வேகமானிகளைப் பற்றியே பேசுகின்றோம். வேகவெறிக்கு நாம் வக்காலத்து வாங்க வரவில்லை. ஏ-9 வீதியிற் சிந்துவது எமது மக்களின் இரத்தமே. விதி வேண்டும், மீறுவோருக்குத் தண்டனையும் வேண்டும். ஆனால், தண்டனைக்கு முன்னர் நிரூபணம் வேண்டும்.

இக்கருவி மந்திரக்கோல் அன்று. யாழ்தேவி நெருங்கும்போது அதன் ஊதல் உச்சமாகவும், கடந்தபின் தணிந்தும் ஒலிப்பதைக் கேட்டிருப்பீர்கள். 1842இல் ஒஸ்திரிய அறிஞர் டொப்ளர் விளக்கிய இந்த நியதியே ராடாருக்கும் அடிப்படை. கருவி விடுக்கும் அலை ஓடும் வாகனத்திற் பட்டுத் திரும்புகையில் அதன் அதிர்வெண் மாறுகின்றது. 24.15 கிகாஹேர்ட்ஸ் அலையாயின், மணிக்கு ஒரு கிலோமீற்றர் வேகத்துக்கு ஏறத்தாழ 45 ஹேர்ட்ஸ் மாற்றம். அம்மாற்றத்தை அளந்தே வேகம் கணிக்கப்படுகின்றது.

இந்தக் கணக்கிற் பிழையில்லை. "எந்த வாகனத்தின் வேகம்?" என்ற வினாவிலேதான் பிழை புகுகின்றது. 12 பாகை விரியும் ராடார்க் கதிர் 300 மீற்றருக்கு அப்பால் 60 மீற்றருக்கு மேல் அகன்றுவிடும். முன்னே மோட்டார் சைக்கிள், பின்னே விரைந்துவரும் லொறி என்றால், பெரிய லொறியின் எதிரொலியே மேலோங்கக்கூடும். தண்டச் சீட்டோ முன்னே வந்தவனின் கையில்! லேசர்க் கருவியின் கதிர் ஒடுங்கியது. எனினும் குறிபார்க்கும் கை அசைந்து கதிர் வாகனத்தின் பக்கத்தில் வழுக்கினால் அதுவும் பிழைக்கும். சாய்ந்த கோணத்தில் நின்று ராடாரால் அளந்தால் வேகம் குறைவாகவே தெரியும். அது சாரதிக்குச் சாதகம் என்பதையும் மறைக்கமாட்டோம்.

1979இல் அமெரிக்காவின் மியாமி நகரில் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவர் ராடாரைச் சோதித்துக் காட்டினார். பனையினத்து மரமொன்று மணிக்கு 86 மைல் வேகத்தில் ஓடுவதாகவும், வீடொன்று 28 மைல் வேகத்தில் நகர்வதாகவும் கருவி காட்டிற்று! பனைகளின் நடுவே வாழும் நாம் சிரிக்கலாம். ஆனால் அங்குள்ள நீதிபதி அல்பிரட் நெஸ்பிட் சிரிக்கவில்லை. அறிஞர்களின் சாட்சியத்தைக் கேட்டு, அக்கருவிகளின் நம்பகத்தன்மை நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிறுவப்படவில்லை என அதே ஆண்டிலே தீர்த்தார். இன்றைய கருவிகள் அவற்றினும் மேலானவை என்பர். மேலானவையாகவே இருக்கட்டும். மேலான கருவிக்குச் சோதனையென்றால் அச்சம் ஏன்?

எமது சாரதியின் நிலை என்ன? 14 நாளுக்குள் தண்டப்பணத்தைக் கட்டினால் விடயம் முடிந்தது. வழக்காடப் புகுந்தால் மல்லாகத்துக்கும் சாவகச்சேரிக்கும் அலைய வேண்டும். தோட்ட வேலை கெடும். சட்டத்தரணிக்குப் பணம் வேண்டும். ஆகவே குற்றமற்றவனும் கட்டிவிடுகின்றான். அவனது மௌனம் கருவியின் நேர்மைக்குச் சான்றாகுமா?

எமது கோரிக்கைகள் கடினமானவை அல்ல. கருவி எப்போது, எவரால் சோதிக்கப்பட்டது என்ற அத்தாட்சிப் பத்திரம், கேட்போருக்கு அவ்விடத்திலேயே தமிழிற் காட்டப்பட வேண்டும். அன்றைய கடமை தொடங்குமுன் கருவி சரிபார்க்கப்பட்டதற்குப் பதிவு வேண்டும். அளந்தது இந்த வாகனத்தையே என்பதற்குப் படமோ, கண்ணாற் கண்ட தெளிவான சாட்சியமோ வேண்டும். கருவியின் பிழை எல்லை கழிக்கப்பட வேண்டும். இங்கிலாந்தில் 30 மைல் எல்லையுள்ள வீதியில் 35 மைலை எட்டும்வரை பொதுவாக வழக்குத் தொடுப்பதில்லை என்பது பொலிஸ் தலைவர்களின் வழிகாட்டல். 50 கிலோமீற்றர் எல்லையில் 52 என்று காட்டியதும் பேனா எடுப்பது நீதியாகாது.

சாரதிகளே! மறிக்கும்போது மரியாதையுடன் நில்லுங்கள். மரியாதையுடனேயே அத்தாட்சிப் பத்திரத்தையும் கேளுங்கள். நீதிமன்றத்தில் எமது சட்டத்தரணிகளும் அதே வினாவை எழுப்புவாராக. வியாபாரியின் தராசுக்கு ஒரு நீதி, அரசின் தராசுக்கு வேறொரு நீதி என்பதை நாம் ஏற்கோம்.