ஸ்டேட்டஸில் எரேமியா

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் என் பழைய மாணவர் ஒருவரின் மகன் தென்னூர் வீட்டுக்கு வந்தான். இங்கே திருச்சியில்தான் கல்லூரி, கடைசி வருடம். கேம்பஸ் இன்டர்வியூவில் நான்கு கம்பெனி, நான்கிலும் கிடைக்கவில்லை. ஒரு வருடமாக அவன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எரேமியா 29:11. கடவுள் நமக்காக வைத்திருக்கும் நல்ல திட்டத்தைச் சொல்லும் வசனம். உங்களிலும் பலர் வைத்திருப்பீர்கள். "சார், அவர் சொன்னதைச் செய்யலையே" என்றான். கண் கலங்கியிருந்தது.

ஆறுதல் சொல்ல எனக்கு வரவில்லை. திருவிவிலியத்தை எடுத்துக் கொடுத்து, அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசிக்கச் சொன்னேன். அது பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், அந்த ஊர் நன்றாக இருக்கவும் வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறது. பத்தாம் வசனத்தில் 70 ஆண்டு என்று கணக்கு வருகிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்கள் பலர் ஊர் திரும்பியே இருக்கமாட்டார்கள். அதற்கு அடுத்த வரிதான் இவன் ஸ்டேட்டஸ்.

பையன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "இதை எனக்கு யாரும் சொல்லலையே சார்" என்றான்.

யார் சொல்வது? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பக்தி இல்லை என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பரீட்சை நேரத்தில் லூர்து மாதா கோவிலுக்குப் போய்ப் பாருங்கள். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களில் எத்தனை கல்லூரிப் பிள்ளைகள்! வாசிப்புதான் இல்லை, அதுவும் நம்மிடமிருந்து வந்த சொத்து. எங்கள் வீட்டில் தினமும் செபமாலை உண்டு. பைபிள் மாதா படத்துக்குக் கீழே துணி போர்த்தியபடி இருக்கும், தூசி தட்டத்தான் கையில் எடுப்போம். விசுவாசிகள் எல்லாரும் மறைநூல் வாசிக்கவேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-லேயே சொல்லியாயிற்று. 1995-ல் நல்ல தமிழில் பொது மொழிபெயர்ப்பும் வந்தாயிற்று. ஆனாலும் பல பிள்ளைகளுக்கு உறுதிப்பூசுதலோடு மறைக்கல்வி முடிந்துவிடுகிறது. பிறகு காதில் விழுவது ஞாயிறு வாசகம் மட்டும், அதுவும் துண்டு துண்டாக.

மாற்கு நற்செய்தி 16 அதிகாரம்தான். ஒரு சினிமா பார்க்கிற நேரத்தில் முழுதும் வாசித்துவிடலாம். நாங்கள் மெதுவாகவே போகிறோம். சனிக்கிழமை சாயங்காலம் அவனும் இரண்டு நண்பர்களும் வருகிறார்கள். வாரம் ஓர் அதிகாரம். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பது, விளக்கவுரை கிடையாது. (என் வாய் சும்மா இருக்காது, அது வேறு கதை.)

போன வாரம் நான்காம் அதிகாரம். புயலில் படகு தண்ணீரால் நிரம்புகிறது, இயேசு தலையணை வைத்துத் தூங்குகிறார். பையன்கள் சிரித்துவிட்டார்கள். சீடர்கள் அவரை எழுப்பி, எங்களைப் பற்றிக் கவலையே இல்லையா என்று கேட்கும் இடம் வந்ததும் இவன் வாசிப்பை நிறுத்தினான். "நான் அன்னைக்குக் கேட்டதும் இதுதானே சார்."

வேலை இன்னும் கிடைக்கவில்லை. வருகிற சனிக்கிழமை ஐந்தாம் அதிகாரம், ஆறு மணிக்கு. பக்கத்தில் இருப்பவர்கள் பிள்ளைகளை அனுப்புங்கள், நீங்களும் வாருங்கள். டீ உண்டு.