பழைய விளையாட்டுப் பொறியும் புதிய திரையும்

பழைய விளையாட்டுப் பொறியைப் புதிய தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்ததும் படம் கலங்கித் தோன்றினால், பொறி பழுதடைந்ததென முடிவு கட்டுவோர் பலர். பெரும்பாலும் குற்றம் பொறியினதன்று. அமெரிக்காவில் 1985ஆம் ஆண்டு வெளிவந்த நின்டெண்டோ பொறியையே எடுத்துக்கொள்வோம். அது விநாடிக்குச் சுமார் 60 முறை, 240 வரிகளாலான முழுப்படத்தை அனுப்புகிறது. குழாய்த்திரை அதனை வந்தவாறே தீட்டிற்று. தட்டைத்திரைகளுட் பலவோ, 480 வரிப்படத்தின் ஒற்றைப்படை, இரட்டைப்படை வரிகளே மாறிமாறி வருவதாக மயங்கி, இரண்டையும் இணைக்க முயல்கின்றன. விளைவாக உருவங்களின் ஓரம் சிதைகிறது. பொத்தானை அழுத்தியபின் உருவம் குதிப்பதற்குத் தாமதமும் நேர்கிறது.

இவ்விரு குறிப்புகளையும் பிரித்தறிதல் அரிய வித்தையன்று. பின்னதில் ஒவ்வொரு பாதிப்படமும் 262½ வரி நேரம் கொள்ளும். பொறியின் படம் 262 வரி நேரமே கொள்ளும். அவ்வரை வரியைக் கவனிக்க உற்பத்தியாளர் அக்கறை கொள்ளவில்லை என்பதே குறை. மஞ்சள் இணைப்புத்துளையையே பல புதிய பெட்டிகளில் நீக்கிவிட்டனர்! மலிவான எச்.டி.எம்.ஐ. மாற்றிகள் பலவும் அப்பிழையையே செய்கின்றன. ஆதலின், விலை மிகுந்தாலும், 240 வரிக் குறிப்பை உணர்ந்து பெருக்கும் கருவியை வாங்குதலே தகும்.

ஒளித்துப்பாக்கிக்கு அக்கருவியும் உதவாது. குழாய்த்திரையில் கதிர் ஓடும் நேரத்தை நம்பியே அது அமைக்கப்பட்டது. பள்ளியின் மூலையில் குழாய்ப்பெட்டி ஒன்று கிடப்பின், ஆசிரியர் அதனை ஏலத்திற்கு அனுப்பாதிருப்பது நன்று.