மதரஸா சுவருக்கு எந்தப் பச்சை?

கொருக்குப்பேட்டையில் எங்கள் மக்தப் மதரஸாவின் உட்சுவருக்கு வண்ணம் பூச வேண்டும். பச்சை என்பதில் அனைவரும் ஒருமித்தோம். கரும்பச்சையா, இளம்பச்சையா என்பதில்தான் இரு வாரங்களாக இழுபறி.

மஸ்ஜிதுந் நபவீயின் குவிமாடத்தை நினைவூட்டும் கரும்பச்சையே கண்ணியம் என்கின்றனர் பெரியவர்கள். அக்குவிமாடத்திற்குப் பச்சை பூசப்பட்டதே 1837இல்தான். அர்ரஹ்மான் அத்தியாயத்தின் 64ஆம் வசனம் கருமை படர்ந்த பச்சையைக் கூறுவது உண்மையே. ஆயினும் அது சுவனத் தோட்டங்களின் செழிப்பைப் பற்றியது. எங்கள் அறைக்கோ ஒரே சன்னல். அதுவும் அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்தபடி. அடர்ந்த வண்ணம் இருக்கும் வெளிச்சத்தையும் விழுங்கிவிடும். 'பே'க்குக் கீழே ஒரு புள்ளி, 'தே'க்கு மேலே இரண்டு; ஏழு வயதுப் பிள்ளை இருட்டில் எதைப் பிரித்தறியும்?

இளம்பச்சையில் அழுக்குத் தெரியும் என்பது மட்டுமே நியாயமான ஆட்சேபம். ரமலானுக்கு முன் நாமே துடைத்துவிடலாம்.