முதலில் படம், பிறகு கத்தி

"புற்றுநோய்தான் என்று பயாப்சியில் தெரிந்துவிட்டதே, இன்னும் ஸ்கேன் எதற்கு? சீக்கிரம் வெட்டி எடுத்துவிடுங்கள் டாக்டர்." மலக்குடல் புற்றுநோய் உறுதியானதும் பல குடும்பங்கள் இப்படித்தான் கேட்கின்றன. அதற்கு முன், மூலம் என்று நினைத்து மாதக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டிருந்திருப்பார்கள். இழந்த நாட்களை ஈடுகட்டும் பதற்றம் புரிகிறது. ஆனால் இந்த நோயில் அவசரப்படக் கூடாத இடம் இதுதான்.

பயாப்சி சொல்வது கட்டி என்ன வகை என்பதை. எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைச் சொல்வது படம். பெருங்குடலின் மற்ற பகுதிகளில் கட்டி என்றால் மார்புக்கும் வயிற்றுக்கும் எடுக்கும் சி.டி. ஸ்கேனே பெரும்பாலும் போதும். கல்லீரலிலோ நுரையீரலிலோ பரவியிருந்தால் அநேகமாக அதில் தெரிந்துவிடும்.

மலக்குடல் விவகாரம் வேறு. இடுப்பெலும்புக் கூட்டுக்குள் இடம் குறைவு. குடலைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை. அதற்கு வெளியே மெல்லிய சவ்வு. இந்த உறையைச் சவ்வு கிழியாமல் முழுசாக எடுத்தால் நோய் அதே இடத்தில் திரும்புவது குறையும் என்று பில் ஹீல்ட் என்ற ஆங்கிலேய சர்ஜன் 1982ல் எழுதினார். இன்றைய அறுவை சிகிச்சைக்கு அதுவே அடிப்படை.

கட்டி அந்தச் சவ்வையே தொட்டுக்கொண்டிருந்தால்? எவ்வளவு கைதேர்ந்த சர்ஜனானாலும் கொஞ்சம் நோயை உள்ளே விட்டுவிட்டு வர நேரலாம். வயிற்றைத் திறப்பதற்கு முன்பே இதைச் சொல்லக்கூடியது எம்.ஆர்.ஐ. ஐரோப்பிய மருத்துவமனைகள் சேர்ந்து 400க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2006ல் இதை நிரூபித்தது. கட்டிக்கும் சவ்வுக்கும் இடையே 1 மில்லிமீட்டர் கூட இல்லை என்றால் கத்தி காத்திருக்க வேண்டும். கதிர்வீச்சும் கீமோதெரபியும் முதலில். கட்டி சுருங்கிய பிறகு மறுபடி ஸ்கேன், அப்புறம் அறுவை.

'வெட்டிவிட்டு பிறகு கதிர்வீச்சு கொடுத்தால் என்ன?' என்று கேட்கலாம். 2004ல் வெளியான ஜெர்மன் ஆய்வில், முன்னதாகக் கொடுத்தவர்களில் 5 ஆண்டுகளுக்குள் அதே இடத்தில் நோய் திரும்பியது 6 சதவீதம் பேருக்கு. பின்னால் கொடுத்தவர்களில் 13 சதவீதம். வரிசையை மாற்றியதில் வந்த வித்தியாசம் இது. (எம்.ஆர்.ஐ. என்றால் 'கரண்ட் வைப்பது' என்று பயப்படுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதில் கதிர்வீச்சே கிடையாது, காந்தம்தான்.)

ஆசனவாய்க்கு மிக அருகில் கட்டி இருப்பவர்களுக்கு இன்னொரு கவலை: ஆயுள் முழுக்க வயிற்றில் பை. பிரேசிலின் ஏஞ்சலிடா ஹப்ர்-காமா, கதிர்வீச்சிலும் கீமோவிலும் கட்டி அடியோடு மறைந்த சிலரை அறுவை இல்லாமலே கண்காணித்து 2004ல் முடிவுகளை வெளியிட்டார். ஆனால் விரல் பரிசோதனை, எண்டோஸ்கோபி, எம்.ஆர்.ஐ. என்று ஆண்டுக்கணக்கில் விடாமல் வருபவர்களுக்கே அது சரிப்படும். ஏனென்றால் எம்.ஆர்.ஐ.யும் சில சமயம் தழும்பையும் மிச்சமிருக்கும் நோயையும் பிரித்துச் சொல்லத் திணறுகிறது.

ரேடியாலஜிஸ்ட் படம் பார்ப்பவர் மட்டுமல்ல. கல்லீரலில் பரவிய சிறு கட்டிகளை, ஸ்கேன் வழிகாட்ட, ஊசி நுழைத்துச் சுட்டுப் பொசுக்குவதும் அவர்தான்.

ஆகவே, மலக்குடல் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் கைக்கு வந்தால் புரட்டிப் பாருங்கள். ஆசனவாயிலிருந்து கட்டி எத்தனை சென்டிமீட்டர், சவ்விலிருந்து எத்தனை மில்லிமீட்டர், சுருக்குத் தசை தப்பியிருக்கிறதா என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். 'கட்டி காணப்படுகிறது' என்று மட்டும் எழுதியிருந்தால், ஆபரேஷன் தேதி குறிப்பதற்கு முன் டாக்டரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள்.