வயசாயிடுச்சாம், கம்ப்யூட்டருக்கு!

"ஆன் ஆக நாலு நிமிஷம் ஆகுதுப்பா" என்று கம்ப்யூட்டர் கடையில் சொல்லிப் பாருங்கள். பதில் தயாராக இருக்கும். "வயசாயிடுச்சு சார். ஃபார்மட் பண்ணணும், இல்லேன்னா புதுசு வாங்கிடுங்க." நம் நரைத்த தலையைப் பார்த்துக்கொண்டே சொல்வதால், யாருக்கு வயசாயிடுச்சு என்கிறார்கள் என்று ஒரு சந்தேகம் வரும்.

இந்த 'வயசு' முக்கால்வாசி புரளி. பத்து வருஷத்துக்கு முன் வாங்கிய ப்ராசஸர், தூசி அடைத்துச் சூடேறாதவரை, அன்று போட்ட கணக்கை இன்றும் அதே வேகத்தில்தான் போடும். கூடியது அதன் முதுகில் ஏற்றிய சுமை. பிரின்டர் வாங்கினால் கூடவே ஒரு மென்பொருள். பேரனோடு வீடியோவில் பேச ஒன்று, பாட்டுக் கேட்க ஒன்று. அப்டேட் வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதற்கென்றே ஒன்று! ஸ்விட்சைப் போட்டதும் அழைக்காமலே எல்லாம் முதல் பந்தியில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

பழைய ஹார்ட் டிஸ்க் என்பது சுழலும் தட்டு. மடிக்கணினிகளில் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5400 சுற்று. ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அதன் கை தாவிப் படிக்கச் சுமார் 10 மில்லி செகண்ட் ஆகும். கேட்க அற்பம்தான். ஆனால் பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் "எனக்கு, எனக்கு" என்று கேட்டால் அந்தக் கை ஆயிரக்கணக்கில் தாவ வேண்டும். பரிமாற ஒரே ஆள். பந்தி தாமதமாவதில் என்ன ஆச்சரியம்?

இதற்குக் காசில்லாத வைத்தியம் விண்டோஸிலேயே இருக்கிறது. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'ஸ்டார்ட்அப்' பக்கம். விண்டோஸ் 8 முதல் அங்கேதான் இருக்கிறது. எது எவ்வளவு இழுக்கிறது என்பதற்கு எதிரே 'ஹை', 'லோ' என்று போட்டிருக்கும். வேண்டாததை ரைட் கிளிக் செய்து 'டிசேபிள்' கொடுங்கள். மென்பொருள் அழியாது, நாம் திறக்கும்போது வரும். ஆன்டிவைரஸையும், பெயர் புரியாததையும் தொடாமல் விடுங்கள். என் 2014 மாடலில் பதினேழு பேர் இருந்தார்கள். பன்னிரண்டு பேரை நிறுத்தினேன். நாலரை நிமிஷம் இரண்டாகக் குறைந்தது. பிறகு சுழலாத எஸ்எஸ்டி போட்டேன். இப்போது காபி ஆற்றும் முன் திறந்துவிடுகிறது.

இதை எந்தக் கடையிலாவது சொல்கிறார்களா? சொன்னால் கூலி கேட்க முடியாதே! ஃபார்மட் என்றால் கேட்கலாம். என்னோடு காலையில் நடக்க வரும் நண்பர் அப்படித்தான் கொடுத்துவிட்டு வந்தார். உள்ளே என்ன இருக்கிறது, எடுத்து வைக்கவா என்று ஒருவரும் கேட்கவில்லை. மகளின் வளைகாப்புப் படங்கள் அத்தனையும் போயின. அவர் மனைவி கலந்துகொண்ட கடைசி விசேஷம் அது. "இப்ப சூப்பர் ஸ்பீடு சார்" என்று திருப்பிக் கொடுத்தார்களாம். வெள்ளையடிக்கச் சொன்னால் வீட்டை இடிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இலவசமாக 'சுத்தம்' செய்ய வரும் மென்பொருள்கள் இன்னும் மோசம். நூற்றுக்கணக்கில் பிழை இருப்பதாகப் பயமுறுத்திக் காசு கேட்பதோடு, பெரும்பாலும் தாமும் அதே ஸ்டார்ட்அப் பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் ஆதரவை நிறுத்தியது நியாயமான கவலை. பாதுகாப்பு அப்டேட் இல்லாத கம்ப்யூட்டரில் பாங்க் வேலை பார்க்கக் கூடாது. ஆனால் அது பாதுகாப்புப் பிரச்சினை. அதைக் காட்டி, மெதுவாகத் திறக்கும் எந்திரத்தையெல்லாம் குப்பை என்று விற்பனையாளர் சொன்னால் நாம் ஏன் தலையாட்ட வேண்டும்?

எஸ்எஸ்டி மாற்றக் கொடுத்தால் பழைய டிஸ்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "அது வேஸ்ட் சார்" என்பார்கள். ஒரு சின்ன யுஎஸ்பி பெட்டியில் போட்டால் பென் டிரைவ் மாதிரி வேலை செய்யும். நம் படங்களெல்லாம் அதில்தான் இருக்கின்றன.