ரேணிகுண்டாவின் கரியும் கடிகாரமும்

திருப்பதி அருகே ரேணிகுண்டா விமான நிலையத்தை ஒட்டிய மின்னணுத் தொழிற்பேட்டையில் புகைபோக்கிகளைத் தேடினால் ஏமாற்றம்தான். டிக்சன் நிறுவனம் தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பூட்டுகிறது. முனோத் நிறுவனம் லித்தியம் செல் செய்கிறது. ஏர்ப்பேடு பக்கம் விக்ருதமாலாவில் டிசிஎல் காட்சித்திரை செய்கிறது. பார்க்க வருகிறவர்களுக்கு இவையெல்லாம் சுத்தமான தொழில்கள். ஆற்றல் தணிக்கைக்காக உள்ளே போகும் நம்மால் அப்படிச் சொல்லிவிட்டு நகர முடியாது. ரேணிகுண்டா வழியாக மும்பைக்குப் போகும் ரயில் பாதையிலேயே, கடப்பாவுக்கு அப்பால், முத்தனூர் அருகே ராயலசீமா அனல்மின் நிலையம் 1,650 மெகாவாட் திறனோடு நிற்கிறது. கிழக்கே கிருஷ்ணபட்டினத்தில் இன்னொன்று, 2,400 மெகாவாட். ரேணிகுண்டா ஆலைகளின் புகை அப்படிப்பட்ட இடங்களில்தான் கிளம்புகிறது.

இது நம் துறையில் யாருக்கும் புதிய செய்தி இல்லை. அதனால்தான் தணிக்கை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு பெருக்கல் தவறாமல் வருகிறது. மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் மின்தொகுப்பு உமிழ்வுக் காரணி, ஒரு மெகாவாட்-மணிக்குச் சுமார் 0.7 டன் கரியமில வாயு. ஆண்டுக்கு 1 கோடி யூனிட் இழுக்கும் ஆலை என்றால் 7,000 டன். கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினால் வேலை முடிந்தது. இந்தப் பெருக்கலைத்தான் இந்த இதழில் கொஞ்சம் சீண்டிப் பார்க்கிறோம்.

அந்த 0.7 என்பது நாடு முழுவதற்குமான, ஆண்டு முழுவதற்குமான சராசரி. ஏப்ரல் மாத நண்பகலும் நவம்பர் மாத இரவு எட்டு மணியும் அதற்குள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ஆந்திரத்தில் அனந்தப்பூர், கர்நூல், கடப்பா மாவட்டங்களின் சூரிய மின் பூங்காக்கள் பகலில் கொட்டுகின்றன. அந்தி சாய்ந்ததும் அத்தனையும் ஓய்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு சுமையைத் தாங்குவது பெரும்பாலும் நிலக்கரி, ஒரு மெகாவாட்-மணிக்கு ஏறத்தாழ 1 டன் என்ற கணக்கில்.

பகல் யூனிட்டைப் பூஜ்யம் என்று எழுதிவிடலாமா என்றால் அதுவும் கூடாது. நண்பகலிலும் கரி அலகுகள் அணைவதில்லை, தாழ்ந்து ஓடுகின்றன. அவற்றை 55 விழுக்காட்டுச் சுமைக்கும் கீழே இறக்குவது இன்னமும் பெரும்பாடு. கரி அந்த எல்லையைத் தொடாத வரைக்கும், பகலில் நீங்கள் கூடுதலாக இழுக்கும் யூனிட்டைத் தருவதும் கரியாகத்தான் இருக்கும். எல்லையைத் தொட்ட பிறகோ, வாங்க ஆளில்லாமல் சூரிய மின்சாரத்தையே வெட்டுகிறார்கள். அந்த நேரத்தில் ஒரு குளிர்நீர் இயந்திரத்தை ஓட்டினால் கூடுதல் உமிழ்வு இல்லை என்றே சொல்லலாம். ஒரே மீட்டரில் ஓடும் இரண்டு யூனிட்டுகளுக்கு இடையே இவ்வளவு தூரம் இருக்கிறது. நம் அறிக்கையில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

லித்தியம் செல் ஆலையையே எடுத்துக்கொள்வோம். முனோத்தின் ஆலையில் 2022 செப்டம்பரில் முன்னோட்ட உற்பத்தி தொடங்கியபோது அறிவிக்கப்பட்ட திறன் ஆண்டுக்கு 270 மெகாவாட்-மணி. உலக அளவில் அது சின்ன ஆலை. ஆனாலும் இந்தத் தொழிலின் மின்செலவு எங்கே போகிறது என்பது அளவைப் பொறுத்து அதிகம் மாறுவதில்லை. எலக்ட்ரோடு பூச்சை உலர்த்தும் அடுப்பு ஒன்று, ஈரமில்லா அறை இன்னொன்று. இந்த இரண்டுமே பெருந்தீனி. எலக்ட்ரோலைட் ஈரத்தைப் பொறுக்காது என்பதால், அந்த அறையின் பனிநிலையைப் பூஜ்யத்துக்கு 40 பாகைக்கும் கீழே வைத்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ரேணிகுண்டாவின் காற்றை உறிஞ்சி அந்த நிலைக்குக் கொண்டுவருவதென்றால், உலர்த்திச் சக்கரத்துக்கு 120 பாகைக்கு மேல் சூடும், அதற்கு முன்னால் குளிர்நீரும் இரவு பகலாக வேண்டும். அறையை நிறுத்த முடியாது. ஆனால் குளிர்நீரை நண்பகலில் செய்து தொட்டியில் சேர்த்து, மாலை ஆறு முதல் பத்து வரை எடுத்துச் செலவிடலாம். செல்லை முதன்முதலாக ஏற்றி இறக்கும் ஃபார்மேஷன் வேலையின் ஏற்றும் கட்டத்தைப் பகல் பக்கம் நகர்த்தலாம். இறக்கும்போது வரும் மின்சாரத்தை ரெசிஸ்டரில் வெறும் சூடாக்கி எரிக்காமல் பக்கத்து வரிசைச் செல்களுக்குத் திருப்பிவிடலாம். அதற்கான கருவிகள் சந்தையில் இருக்கின்றன. இத்தனையும் செய்த பிறகு நம் பழைய பெருக்கலைப் போட்டால் என்ன தெரியும்? கடைசியாகச் சொன்ன சேமிப்பு மட்டும் தெரியும். முதல் இரண்டும் காணாமல் போகும். குளிர்நீர்த் தொட்டியில் கசியும் குளிரால் யூனிட் கொஞ்சம் கூடியதாகக்கூடத் தெரியும்.

நேரத்தைப் பார்த்துச் செய்த வேலை ஒன்று மலைமேல் இருக்கிறது. திருமலை அன்னதானக் கூடத்தில் 2002-இல் நிறுவிய 106 சூரியக் குவி தட்டுகள், நாளுக்கு 4 டன் அளவுக்கு நீராவி தந்து 15,000 பேருக்குச் சமைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. பழைய டீசல் பாய்லரும் துணைக்கு நின்றது. இப்போது ஆயிரக்கணக்கான கோடியில் சேமிப்புத் திட்டங்கள் பேசுகிறோம். அங்கே பெரிய சேமிப்பே தேவைப்படவில்லை, சோறு பகலில் வேகிறது என்பதால்! 2022 செப்டம்பரில் திருமலை மலைப்பாதையில் மின்பேருந்துகள் ஓடத் தொடங்கின. டீசல் புகை குறைந்ததில் மகிழ்ச்சிதான். அவற்றுக்கு எந்த மணியில் சார்ஜ் ஏற்றுகிறார்கள் என்ற கேள்வியையும் நம்மில் யாராவது கேட்க வேண்டும்.

கொள்கை என்ன சொல்கிறது? 2005-உடன் ஒப்பிட 2030-க்குள் உற்பத்தி மதிப்பின் ஓர் அலகுக்கான உமிழ்வை 45 விழுக்காடு குறைப்போம் என்று இந்தியா 2022-இல் உறுதி கொடுத்தது. தலைக்கு உமிழ்வு உலகச் சராசரியில் பாதியைக்கூடத் தொடாத நாட்டுக்கு இது நியாயமான அளவுகோல் என்றே நாமும் கருதுகிறோம். ஆனால் அலகுக்கான உமிழ்வைப் பாதியாக்கி உற்பத்தியை மூன்று மடங்காக்கும் ஆலையின் மொத்த உமிழ்வு ஒன்றரை மடங்காகும். ரேணிகுண்டாவில் இனி வரப்போகும் ஆலைகளுக்கெல்லாம் இதே கணக்குதான். 2023-இல் அறிவிக்கப்பட்ட கார்பன் கடன் வணிகத் திட்டமும் அலகுக்கான உமிழ்வையே பிடிக்கிறது. அதன் இலக்குக்கு உட்படும் துறைகள் சிமென்ட், அலுமினியம், உருக்கு, காகிதம் போன்றவை. மின்னணு ஆலை அந்தப் பட்டியலில் இல்லை.

ஏர்ப்பேடு அருகே ராச்சகுன்னேரியில் இரும்புக் குழாய் செய்யும் எலக்ட்ரோஸ்டீல் ஆலைக்கு ஊது உலையும் கோக் அடுப்பும் உண்டு. அதன் புகை கண்ணுக்குத் தெரியும், கணக்கிலும் ஏறும். 2026 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியம் எல்லையில் விதிக்கும் கார்பன் கட்டணம் வார்ப்பிரும்புக் குழாயையும் தொடுகிறது. வேடிக்கை என்னவென்றால், இரும்புப் பொருளுக்கு அங்கேயும் இப்போதைக்கு ஆலைக்குள் எழும் நேரடி உமிழ்வு மட்டுமே கணக்கு. வாங்கிய மின்சாரம் சேராது. ஆக, மின்கம்பி வழியாக வரும் கரியை அங்கே கேட்பாரில்லை. பசுமைத் திறந்த அணுகல் விதிகளின்படி மின்சாரத்தை ‘பேங்கிங்’ செய்தால் நிலைமை இன்னும் வசதி: பகலில் தொகுப்புக்குள் விட்ட சூரிய யூனிட்டை மாதக் கணக்கில் இரவுக்கு எடுத்துக்கொள்ளலாம். காகிதத்தில் உமிழ்வு பூஜ்யம். அந்த இரவில் முத்தனூர் எரித்த கரி எரித்ததுதான்.

வாடிக்கையாளர் உடனே கேட்பார்: மணிக்கணக்குப் போட்டால் என் எண் மோசமாகத் தெரியுமே, நான் ஏன் அதற்குப் பணம் தர வேண்டும்? நியாயமான கேள்வி. இரவு பகலாக ஓடும் ஆலைக்கு எண் கொஞ்சம் கூடவே செய்யலாம். நம்மிடம் இருக்கும் நேரான பதில் பணம்தான். 2023 ஜூனில் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகள், சூரிய நேரத்துக் கட்டணத்தைக் குறைந்தது 20 விழுக்காடு குறைக்கவும் உச்ச நேரத்தில் கூட்டவும் சொல்கின்றன. சுமையை நகர்த்தும் ஆலைக்கு மின்கட்டணமும் கரியும் சேர்ந்தே இறங்கும். எந்த மணிக்கு எந்த விகிதம் என்பதை அந்தந்த இணைப்புக்கான கட்டண உத்தரவில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தரவுக்கும் பஞ்சமில்லை. உயர் அழுத்த இணைப்பின் மீட்டர் கால்மணிக்கோ அரைமணிக்கோ ஒருமுறை பதிவு செய்துகொண்டே இருக்கிறது. அந்தச் சுமைப் பதிவை ஆலையிடமோ, திருப்பதியிலேயே தலைமையகம் வைத்திருக்கும் தெற்கு மின் பகிர்மான நிறுவனத்திடமோ ஆலை வழியாகக் கேட்டு வாங்க வேண்டியதுதான். அடுத்த அறிக்கையில் பழைய பெருக்கல் அப்படியே இருக்கட்டும். அதன் பக்கத்தில் பகல், மாலை உச்சம், பின்னிரவு என மூன்று நிரல்களைச் சேருங்கள். ஆண்டு முழுவதற்கும் வேண்டாம். மே மாதத்தில் ஒரு வாரமும் நவம்பரில் ஒரு வாரமும் போதும். ஆலையின் பெயரை நீக்கிவிட்டு எங்களுக்கு அனுப்பினால் வரும் இதழ்களில் அட்டவணையாக வெளியிடுகிறோம்.