வரைபலகைக்கு ஏன் இந்தத் தாழ்வு?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒரு கூற்றுத் தவறாது ஒலிக்கும்: “கம்பஸ் கிடைக்கேல்லை, இனி ரெக்னிக்கல்தான்.” ‘தான்’ என்னும் அவ்விடைச்சொல்லில் ஒரு சமூகத்தின் தீர்ப்பு முழுவதும் அடங்கியுள்ளது. அத்தீர்ப்புப் பிழையானது; நமக்கே கேடு சூழ்வது.

பிறவுண் வீதியிலுள்ள தொழினுட்பக் கல்லூரிக்கும் திருநெல்வேலியிலுள்ள பல்கலைக்கழகத்துக்கும் இடைப்பட்ட வழி நெடியதன்று. ஆயினும், நம்முள் எத்தனை பேர் அவ்வாயிலை மிதித்திருக்கிறோம்? பொறிமுறை வரைதல் பயில்வோர் கோடு கீறிப் பழகுகின்றனர் என்றே எண்ணுகிறோம். அவர்கள் பயில்வது ஒரு மொழி. முன்தோற்றம், கிடைப்படம், பக்கத்தோற்றம் ஆகிய மூன்றையும் கொண்டு, இன்னும் உருவாகாத பொருளொன்றை மனத்துள் முழுமையாக நிறுத்துவதே அதன் இலக்கணம். 20 மில்லிமீற்றர்த் துளையிற் சுழலவேண்டிய தண்டுக்கு ‘20’ என்று மட்டும் எழுதுபவர் படவரைஞர் அல்லர். மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்குகளில் எவ்வளவு குறையலாம் என்று தீர்மானித்து எழுதுபவரே படவரைஞர். இத்தீர்மானம் கையின் தொழிலா, அறிவின் தொழிலா?

இவ்விகழ்ச்சி நமக்கு மட்டும் உரியதன்று. 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சில், வணிகர் ஒருவரின் மகனான காஸ்பார் மொஞ்ச், குலப்பெருமை இன்மையால் மெசியேர் இராணுவப் பொறியியற் பள்ளியில் அதிகாரி மாணவராக முடியாது, வரைஞர் பிரிவில் அமர்த்தப்பட்டார். கோட்டை அமைப்புக்கு அவர் கண்ட வரைமுறை இராணுவ இரகசியமாகக் காக்கப்பட்டது. 1795இலேயே அவர் அதனை வெளிப்படையாகப் போதித்தார். இன்று உலகெங்கும் பொறியியல் மாணவர் கற்கும் விவரண வடிவகணிதம் அதுவே. உயர்குடியினர் அமர விரும்பாத பலகையிற் பிறந்த கலை அது.

நம்மிடத்தில் இவ்விகழ்ச்சியின் வேர் சாதியாகும். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்ததை மேடைதோறும் முழங்குகிறோம். அதைக் கட்டிய தச்சரின் பெயரை நம்முள் எத்தனை பேர் சொல்வர்? பொருளைப் போற்றிச் செய்தவரை முற்றத்தில் நிறுத்தும் வழக்கமே, இன்று வரைபலகையின்மேற் கவிந்துள்ளது. 1971இற் புகுந்த தரப்படுத்தல் மருத்துவ, பொறியியற் பீடங்களின் கதவை நம் மாணவருக்கு ஒடுக்கியது. அதனால் எழுந்த சினம் நியாயமானது. ஆயின், பட்டம் ஒன்றே பொறியியல் என்னும் பிழையான பாடத்தையும் அச்சினத்தோடு சேர்த்து மனப்பாடம் செய்துகொண்டோம்.

“கணினி வந்தபின் வரைஞர் எதற்கு?” என்பாரும் உளர். கணினி கோட்டை நேராக வரையும். எந்தக் கோடு வேண்டும் என்பதை அறிந்தவரே அதற்குப் பணிக்க முடியும். “வெளிநாட்டு வேலைக்கு உதவும்” என்று பரிந்துரைப்போரும் இக்கல்விக்கு நண்பரல்லர். கடவுச்சீட்டின் பின்னிணைப்பாக ஒரு கல்வியைக் கருதுவதும் இகழ்ச்சியே.

தேசிய தொழிற் தகைமை 7 படிகளை உடையது. ஏழாம் படி பட்டத்துக்கு நிகரானது. ஏணி தாளில் உண்டு, நம் மனத்தில் இல்லை. பல்கலைக்கழகத்தார் செய்யவேண்டியது இரக்கங் காட்டுவதன்று. வரைதல் கற்றோர் பட்டப்படிப்புக்கு ஏறிவரும் வழியை அகலத் திறத்தலும், நம் கருத்தரங்குகளில் அவர்களைக் கேட்போராக அன்றிப் பேசுவோராக அழைத்தலுமே கடமை. அதுவரை, சாதியை ஒழித்துவிட்டோம் என்று நாம் எழுதும் கட்டுரைகளுக்கு மதிப்பில்லை.